வட்ட ஒழுக்கைச் சற்றே அசைக்கும்போது வரும் தவறுகள்

வட்ட ஒழுக்கில், அதாவது ஒரு மையத்தைச் சுற்றும் வட்டப் பாதையில், சுற்றும் துணிக்கை ஒன்றைச் சற்றுத் தட்டிவிட்டால் என்ன ஆகும்? கொழும்பில் தமிழ்மூலம் இணைந்த கணிதம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கில் வகையீடு ஒரு சிக்கலே இல்லை. சறுக்குவது, எது மாறாமல் இருக்கிறது என்ற ஒரே இடத்தில்தான்.

உயர்தரத்தில் கூம்பூசலையும் சுழலும் மேசைக் கணக்குகளையும் செய்து செய்து, வட்ட இயக்கம் என்றாலே கோண வேகம் மாறிலி என்று கை பழகிவிடுகிறது. மேசையை மோட்டர் சுழற்றினால் அது சரி. சந்திரனை எந்த மோட்டரும் சுழற்றவில்லை. ஈர்ப்பு மையத்தை நோக்கியே இருப்பதால் அதற்கு மையம் பற்றித் திருப்பம் (சுழற்றும் விளைவு) இல்லை. ஆகவே மாறாமல் இருப்பது கோண உந்தம், அதாவது திணிவு, ஆரையின் வர்க்கம், கோண வேகம் மூன்றின் பெருக்கம். ஆரை 1 சதவீதம் கூடினால் கோண வேகம் 2 சதவீதம் குறைந்தே ஆகவேண்டும்.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆரைச் சமன்பாட்டில் வெளியே தள்ளும் மையநீக்க உறுப்பு ஒன்று, உள்ளே இழுக்கும் ஈர்ப்பு ஒன்று. வட்டத்தில் இரண்டும் சமன். கோண வேகத்தை மாறிலியாக எடுத்தால், ஆரை 1 சதவீதம் கூடும்போது தள்ளுவது 1 சதவீதம் கூடும், இழுப்பது 2 சதவீதம் குறையும். மொத்தம் 3 பங்கு வெளிப்பக்கம். சந்திரன் எப்போதோ ஓடிப்போயிருக்க வேண்டும்! கோண உந்தத்தை மாறிலியாக எடுத்தால், தள்ளும் உறுப்பு ஆரையின் கனத்துக்கு நேர்மாறாக மாறுவதால் 3 சதவீதம் குறைகிறது. இழுப்பது 2 சதவீதம்தான் குறைகிறது. மிஞ்சும் 1 பங்கு உள்ளே இழுக்கிறது. அந்த 1 பங்குதான் எளிமை இசை இயக்கத்தை (சீரான அலைவை) தருகிறது, அதன் மீடிறனும் (ஒரு செக்கனில் எத்தனை முறை என்பதும்) சுற்றும் மீடிறனும் ஒன்றே என்றும் காட்டுகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த வரி இது.

இதே தவறு லக்ராஞ்சியனிலும் (இயக்கசக்தியிலிருந்து அழுத்தசக்தியைக் கழித்து எழுதும் கோவை) வேறு வேடத்தில் வரும். கோண உந்தம் மாறிலிதானே என்று அதை நேரே லக்ராஞ்சியனுக்குள் பிரதியிட்டுவிடுவார்கள். அங்கே கோண உந்தம் வரும் உறுப்பு இயக்கசக்தியாக நேர்க்குறியுடன் நிற்கிறது. அதிலிருந்து சமன்பாடு எடுத்தால் தள்ளவேண்டியது இழுக்கத் தொடங்கும். முதலில் இயக்கச் சமன்பாட்டை எடுங்கள், அப்புறம் பிரதியிடுங்கள். முன்கூட்டியே பிரதியிடத்தான் வேண்டுமென்றால், அதற்கேற்ப லக்ராஞ்சியனையே மாற்றி எழுதும் ரௌத்தின் முறை இருக்கிறது.

வட்ட ஒழுக்கு இருக்கிறது என்பதாலேயே அது உறுதியானது என்று எழுதுவதும் தவறு. கவரும் விசை எதுவானாலும் வட்டம் கிடைக்கும். ஆனால் விசை ஆரையின் ஒரு வலுவுக்கு நேர்மாறாக மாறுமானால், அந்த வலு 3 இலும் குறைவாக இருந்தால்தான் அசைவு அலைவாகத் திரும்பி வரும்.

தட்டும் திசையையும் பலர் கவனிப்பதில்லை. ஆரைத் திசையில் தட்டினால் கோண உந்தம் மாறாது, அலைவு பழைய வட்டத்தைப் பற்றியே நடக்கும். தொடலித் திசையில் கதியை 1 சதவீதம் கூட்டினால் கோண உந்தமும் கூடிவிடும். ஈர்ப்பின் கீழ் புதிய வட்டத்தின் ஆரை 2 சதவீதம் பெரிது. துணிக்கை இப்போது அந்தப் புதிய அலைவின் கீழ் முனையில் நிற்கிறது, ஆகவே 4 சதவீதம் வரை வெளியே போய்த் திரும்பும். பழைய வட்டத்தின் இரு பக்கமும் அலையும் என்று வரைகிறவர்கள் இங்கே புள்ளி இழக்கிறார்கள்.

ஆரை மட்டும் அசைவதாக நினைப்பதும் அப்படித்தான். வெள்ளவத்தை மாடிவீட்டுக் கூரைகளில் உள்ள டிஷ் அன்ரெனாக்கள் பார்க்கும் புவிநிலைச் செய்மதியை எடுங்கள். ஒழுக்கின் ஆரை 42,164 கிலோமீற்றர். மையவகற்சித்திறன் (ஒழுக்கு வட்டத்திலிருந்து விலகும் அளவு) 0.0002 என்றால் அது உள்ளும் புறமுமாக 8 கிலோமீற்றர் அளவில் அசையும். கிழக்கு மேற்காகவோ அதன் இரண்டு மடங்கு, ஏறக்குறைய 17 கிலோமீற்றர். டிஷ் உணர்வது இந்தப் பெரிய அசைவைத்தான்.

கடைசித் தவறு, முதற்படி விடையை, அதாவது மிகச் சிறிய உறுப்புகளை விட்டுவிட்டுக் கிடைக்கும் தோராய விடையை, முடிந்த விடையாக எடுப்பது. சூரியனின் இழுப்பால் சந்திர ஒழுக்கின் நீள் அச்சு ஏறக்குறைய 8.85 வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட கணக்கு அந்த நகர்வில் பாதியைத்தான் தந்தது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளெரோ 1747 இல் நேர்மாறு வர்க்க விதியையே திருத்த வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் போனார். பிறகு 1749 இல் அவரே உயர்படி உறுப்புகளையும் சேர்த்துக் கணித்தபோது மீதிப் பாதி வந்துவிட்டது, விதியைத் திருத்தத் தேவையில்லாமல் போனது.

எந்த விசைக்கும் ஆரை அலைவின் மீடிறனைத் தரும் உங்கள் பொதுச் சூத்திரம் சரியா என்று பார்க்க இரண்டு விசைகளைப் போட்டுப் பாருங்கள். ஈர்ப்புக்கு ஆரை அலைவின் மீடிறன் சுற்றும் மீடிறனுக்குச் சமமாக வரவேண்டும். ஆரைக்கு நேர்விகிதமாக இழுக்கும் விற்சுருளுக்கு இரண்டு மடங்காக வரவேண்டும். இரண்டில் ஒன்று பிழையாக வந்தாலும் மையநீக்க உறுப்பை வகையிட்ட வரிக்குத் திரும்பிப் போங்கள்.