"2047ல் எனது இந்தியா" கட்டுரைப் போட்டி: முதல் தடவை எழுதுறவங்களுக்கு

2047ல சுதந்திரம் வாங்கி 100 வருஷம் ஆகுது, அதனால பசங்களுக்கு போட்டின்னாலே இந்த தலைப்புதான் சுத்தி சுத்தி வருது. 2021 டிசம்பர்ல 75 லட்சம் போஸ்ட்கார்டுன்னு ஒரு இயக்கம் நடந்துச்சு, 4ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் பசங்க பிரதமருக்கு எழுதுனாங்க, அதுல ஒரு தலைப்பு இதுதான். 2022-23ல தபால் துறையோட "தாய் அகர்" (Dhai Akhar) கடிதப் போட்டிக்கும் இதே தலைப்பு. ஏழாவது படிக்கிற எங்க அக்கா பொண்ணுக்கு ஸ்கூல்ல இதையே இன்லேண்ட் லெட்டர்ல (தபால் ஆபீஸ்ல விக்கிற, எழுதி மடிச்சு ஒட்டுற தாள்) எழுதிட்டு வர சொல்லிட்டாங்க. "சித்தி, நெட்ல இருந்து பாத்து எழுதிக்கவா"ன்னு கேட்டா, எனக்கு மனசு கேக்கல, ரெண்டு நாள் சாயங்காலம் கூடவே உக்காந்தேன். அப்ப பண்ணதை வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: ரூல்ஸை முழுசா படிங்க
தாய் அகர் போட்டியையே எடுத்துக்கங்க. கவர்ல அனுப்புனா ஏ4 பேப்பர்ல 1000 வார்த்தைக்குள்ள, இன்லேண்ட் லெட்டர்னா 500 வார்த்தைக்குள்ள, கையாலதான் எழுதணும், 18 வயசுக்கு கீழயா மேலயான்னு ஒரு உறுதிமொழியும் எழுதணும். தமிழ்லயே எழுதலாம். எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் வேற ஒரு போட்டிக்கு அருமையா எழுதி, பார்வையா இருக்கட்டும்னு டைப் பண்ணி அனுப்பிட்டான், படிக்காமலே ஒதுக்கிட்டாங்க. பாவமா இருந்துச்சு.

ஸ்டெப் 2: உங்க வயசை கணக்கு போடுங்க
இதுதான் முக்கியமான ஸ்டெப், இதை தாண்டி போயிடாதீங்க. இவ 2013ல பொறந்தவ, 2047ல 34 வயசு. விரல்விட்டு எண்ணிட்டு நிமிர்ந்து "அப்ப அம்மா மாதிரி ஆயிருப்பேனா"ன்னு கேட்டா. ஆமா, அதேதான். 2047ங்கிறது ஏதோ பறக்குற கார் காலம் இல்ல, உங்க அம்மா வயசுல நீங்க வாழப்போற ஒரு சாதாரண நாள். அதனால ஒரு நோட்டை எடுத்து அம்மாவோட ஒரு நாளை காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எழுதுங்க. இவ எழுதுன முதல் வரி: "5.30க்கு தண்ணி லாரி வரும், அம்மா ஆறு குடம் பிடிப்பாங்க." அவங்க வீடு சென்னை புறநகர்ல. தினமும் பாக்குற விஷயம்தான், ஆனா அதை எழுதி பாத்ததும் அவளே கொஞ்ச நேரம் பேசல.

ஸ்டெப் 3: ஒரே ஒரு விஷயம்
கல்வி, விவசாயம், ராக்கெட், ஊழல் எல்லாத்தையும் 500 வார்த்தைக்குள்ள அடைக்க பாக்காதீங்க. நாங்க தண்ணியை எடுத்துக்கிட்டோம்.

ஸ்டெப் 4: முன்னாடி பாக்குறதுக்கு முன்னாடி பின்னாடி பாருங்க
2047க்கு எத்தனை வருஷம் இருக்கோ கிட்டத்தட்ட அத்தனை வருஷம் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு வீட்டு பெரியவங்ககிட்ட கேளுங்க. எங்க அம்மா 2003ஐ சொன்னாங்க, தமிழ்நாட்டுல எல்லா கட்டிடத்துலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்த வருஷம், நம்ம வீட்லயும் குழி தோண்டி ஜல்லி, மணல் போட்டாங்களாம். பேத்தி ஓடிப்போய் பாத்துட்டு வந்தா, அந்த குழி மேல இப்ப சிமெண்ட் தளம். அப்புறம் 2019, சென்னைல தண்ணி பஞ்சம், ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியோட ரயில் வில்லிவாக்கம் வந்துச்சு. இந்த மாதிரி ரெண்டு மூணு நம்பர் போதும், ஆனா சரியா இருக்கணும். இன்னொரு விஷயம், பழைய கட்டுரைல இருந்து "மக்கள்தொகையில் உலகில் இரண்டாவது நாடு"ன்னு எழுதிடாதீங்க, ஐநா கணக்குப்படி 2023லயே நாம சீனாவை தாண்டிட்டோம். "2021 சென்சஸ் படி"ன்னும் எழுதாதீங்க, கொரோனாவால அந்த வருஷம் கணக்கெடுப்பே நடக்கல, அதுக்கு முன்னாடி எடுத்தது 2011ல.

ஸ்டெப் 5: எப்படி மாறும்னு சொல்லுங்க
"தண்ணீர் பஞ்சமே இருக்காது"ன்னு எழுதுனா படிக்கிறவங்க எப்படின்னு கேப்பாங்க இல்ல? இப்பவே சின்னதா நடந்துக்கிட்டு இருக்குற ஒண்ணை பிடிச்சு அதை வளத்து காட்டுங்க. கோயம்பேடுலயும் கொடுங்கையூர்லயும் கழிவுநீரை சுத்திகரிச்சு தொழிற்சாலைகளுக்கு குடுக்குறாங்க. அது எல்லா ஊர்லயும் வந்தா குடிக்கிற தண்ணி எவ்வளவு மிச்சமாகும், அந்த மூடுன குழியை எல்லா வீட்லயும் ஐப்பசி மழைக்கு முன்னாடி திறந்து சுத்தம் பண்ணா என்னாகும், இதை அவளே யோசிச்சு எழுதுனா, நான் ஒரு வார்த்தை சொல்லல.

ஸ்டெப் 6: முதல் வரியை கடைசியா எழுதுங்க
அவ முதல்ல எழுதியிருந்தது: "2047ல் இந்தியா உலகின் தலைசிறந்த வல்லரசாகத் திகழும்." தப்பில்லாத வரிதான், ஆனா நூறு பேர் இதையேதான் எழுதுவாங்க. மாத்துனதுக்கு அப்புறம்: "2047ல் எனக்கு 34 வயது. காலை ஐந்தரை மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன், ஏனென்றால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வர வேண்டியிருக்காது." இதை சத்தமா படிச்சு காட்டுனப்ப எங்க அக்கா அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னு கேட்டா.

ஸ்டெப் 7: ரஃப், அப்புறம் ஃபேர்
ரஃப் காப்பியை வேற பேப்பர்ல எழுதி வார்த்தையை எண்ணுங்க, அடுத்த நாள் வாய்விட்டு படிச்சு திருத்துங்க, அதுக்கப்புறம்தான் ஃபேர் காப்பி. இன்லேண்ட் லெட்டர் ரெண்டு வாங்கி வச்சுக்கங்க, ஒண்ணு 2 ரூபா 50 காசுதான். எழுதுறதுக்கு முன்னாடி மடிச்சு பாத்து, எங்க பசை ஒட்டும்னு பென்சில்ல லேசா கோடு போட்டுக்கங்க. அந்த ஓரத்துல எழுதுனா பிரிக்கும்போது வரியோட கிழிஞ்சிடும்.