தண்ணீருக்கு மின்புலம் கொடுத்துப் பார்ப்போம்: குரோமாக்ஸில் முதல் முயற்சி

மின்புலத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் எப்படித் திரும்புகின்றன என்பதை மடிக்கணினியிலேயே பார்த்துவிடலாம். லினக்ஸும், மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட்டுக் காட்டும் குரோமாக்ஸ் மென்பொருளும் நிறுவியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே வகை மென்பொருளான லாம்ப்ஸிலும் செய்யலாம், வெறும் தண்ணீருக்கு எனக்கு குரோமாக்ஸ்தான் சௌகரியம்.

1. பெட்டி: பக்கத்துக்கு 4 நானோமீட்டர். எஸ்பிசி/இ என்ற தண்ணீர் மாடலில் சுமார் 2,100 மூலக்கூறுகள் பிடிக்கும். கடல் பக்கத்திலேயே இருந்தாலும் உப்பு இப்போது வேண்டாம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு கம்ப்யூட்டரிலாவது நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைக்கட்டும்.

2. ஆற்றல் குறைப்பு (முட்டிக்கொள்ளும் அணுக்களைச் சற்று விலக்குவது), பிறகு 300 கெல்வின், 1 பாரில் நிலைப்படுத்தல். எல்லாம் வழக்கம்போல.

3. மின்புலம்: ஓட்டத்துக்கான அமைப்புகளை எழுதும் எம்டிபி கோப்பில் இசட் திசைக்கான வரியில் நான்கு எண்கள் வரும். நிலையான புலத்துக்கு முதல் எண்தான் வலிமை, மற்ற மூன்றும் 0. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் 1 என்று தொடங்கி மூன்று எண்கள் இருக்கும். அது பழைய பதிப்புக்கானது, அப்படியே காப்பியடிக்காதீர்கள்.

சரி, வலிமை எவ்வளவு? பலரும் இங்கேதான் சிக்குகிறார்கள். அலகு வோல்ட்/நானோமீட்டர். வீட்டு 230 வோல்ட்டை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் கொடுத்தாலும் 0.00023தான். நிஜத்தில் இப்படித்தானே என்று அதையே போட்டால் ஒன்றும் தெரியாது. புலமே இல்லாதபோதும் இந்தப் பெட்டியின் மொத்த இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறுகள் எவ்வளவு ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதன் அளவு, அலகு டிபை) ஒவ்வொரு திசையிலும் 120 டிபை அளவுக்கு ஏறி இறங்கும். 0.01 கொடுத்தால் புலத்தால் சராசரி நகர்வதும் அதே 120தான், இரைச்சலில் கரைந்துபோகும். 0.05 கொடுங்கள்: 600 டிபை பக்கம் வரும், பளிச்சென்று தெரியும். 1 வரை போனால் பெரும்பாலான மூலக்கூறுகள் ஒரே பக்கம் திரும்பிவிடும். அப்புறம் புலத்துக்கும் திருப்புத்திறனுக்கும் உள்ள நேர்விகிதம் செல்லாது.

4. ஓட்டம்: சில நானோவினாடிகள். மண்டபம் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போகும். பயப்பட வேண்டாம், குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிலையை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்கிறது. அந்தக் கோப்பைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

5. கணக்கு: குரோமாக்ஸின் டைபோல்ஸ் கட்டளை தரும் இசட் திசைத் திருப்புத்திறனின் சராசரியைப் பெட்டியின் கனஅளவால் வகுத்தால் முனைவாக்கம். அதை வெற்றிட விடுதிறன் என்ற மாறிலியாலும் புலத்தாலும் வகுத்து 1 கூட்டுங்கள். கிடைப்பது தண்ணீரின் சார்பு விடுதிறன், அதாவது மின்புலத்தை அது எத்தனை மடங்கு குறைக்கிறது என்பது. 70-ஐ ஒட்டி வந்தால் எல்லாம் சரி. நிஜத் தண்ணீருக்கு 78. இந்த மாடல் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்.

பின்சேர்க்கை: கடல்நீர் போலவே 0.6 மோலார் உப்புப் போட்டதும் (இந்தப் பெட்டிக்கு 23 ஜோடி அயனிகள்) இசட் மதிப்பு கண்டபடி ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அயனிகள் பெட்டியின் ஒரு சுவரைத் தாண்டி மறுசுவர் வழியாக நுழைந்துகொண்டே இருக்கும். அங்கே ஓடுவது மின்னோட்டம். அதனால் டைபோல்ஸில் தண்ணீரை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இன்னொருவர் தண்ணீருக்கு மேலே வெற்றிடம் விட்டிருக்கிறார், விடை மிகச் சிறியதாக வருகிறதாம். பெட்டி முழுக்கத் தண்ணீர் இருந்தால், வழக்கமான பிஎம்இ (தொலைவிலுள்ள மின்விசைகளைக் கணக்கிடும் முறை) அமைப்பில் நீங்கள் எழுதிய எண்ணே உள்ளே இருக்கும் புலம். வெற்றிடம் விட்டால் தண்ணீரின் பரப்பில் சேரும் மின்னூட்டம் அந்தப் புலத்தைப் பல மடங்கு குறைத்துவிடும். அப்போது வகுக்க வேண்டியது தண்ணீருக்குள் மிஞ்சும் புலத்தால், கோப்பில் எழுதியதால் அல்ல.