பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டர்களைச் சேகரிப்பதும் ஒப்பிடுவதும்

பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டர்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே வாங்குகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் தாளைச் செருகிச் சில வரிகளாவது அடித்துப் பார்க்காமல், ஒரு டைப்ரைட்டர் இன்னொன்றைவிட மேலானது என்ற முடிவுக்கு வரக்கூடாது.

முதலில் காலவரிசையை ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. 1912-இல் வெளிவந்த கொரோனா 3, கேரியேஜை (தாளைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் பகுதி) விசைகளின் மேல் மடக்கி வைக்கக்கூடியது. அதில் விசைகள் மூன்றே வரிசை என்பதால், பெரிய எழுத்துக்கு ஒன்றும் எண்களுக்கு ஒன்றுமாக இரண்டு ஷிஃப்ட் விசைகள் உண்டு. 1920-இல் வந்த ரெமிங்டன் போர்ட்டபிள் நான்கு வரிசைகளைக் கொண்டிருந்தது. 1935-இல் ஹெர்மஸ் பேபியும், 1950-இல் மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்த ஒலிவெட்டி லெட்டெரா 22-உம், எடை குறைந்த தட்டையான அமைப்பைப் பரவலாக்கின. மூன்று வரிசை விசைகளுக்கு விரல்கள் பழக நாளாகும் என்பதால், முதலில் வாங்குவது நான்கு வரிசை கொண்டதாக இருக்கட்டும்.

வாங்கும் இடத்தில் கேரியேஜை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நகர்த்திப் பாருங்கள். அது தானாக இடப்புறம் இழுபடவில்லை என்றால், பெரும்பாலும் இழுவை நாடா அறுந்திருக்கும், அதை மாற்றிவிடலாம். விசைகள் மந்தமாக எழுந்து விழுந்தால், எழுத்துக் கம்பிகள் பொருந்தியிருக்கும் அரைவட்டத் தகட்டின் காடிகளில் அழுக்கு சேர்ந்திருக்கலாம்; அதையும் கழுவி நீக்கலாம். காணாமற்போன பாகங்கள், வளைந்த சட்டம், ஆழமாகப் பிடித்த துரு ஆகியவை வேறு வகை. இவை இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே நல்லது. பல பழைய போர்ட்டபிள்களில் 1 என்ற எண்ணுக்குத் தனி விசை இருக்காது. சிறிய 'எல்' எழுத்தையே அதற்குப் பயன்படுத்தினார்கள். ஆகவே அதைக் குறையாகக் கருத வேண்டாம்.

ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் ஒரே வகைப் புதிய ரிப்பனையும் ஒரே வகைத் தாளையும் பயன்படுத்துங்கள். தாளின் பின்னால் இன்னொரு தாளையும் சேர்த்துச் செருகுங்கள். முதல் வரியில் 'எச்' எழுத்தைப் பெரியதும் சிறியதுமாக மாற்றி மாற்றி அடியுங்கள். இரண்டின் அடிப்பாகமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பெரிய எழுத்து மேலே ஏறியோ கீழே இறங்கியோ நின்றால் ஷிஃப்ட் அமைப்பைச் சீராக்க வேண்டியிருக்கும். அடுத்து அறுபது எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து அளந்தால், ஆறு அங்குலம் வருவது பைக்கா என்ற பெரிய எழுத்தளவு, ஐந்து அங்குலம் வருவது எலைட் என்ற சிறிய எழுத்தளவு. சிறிய 'ஓ' தாளில் ஓட்டை போட்டால், தாள் சுற்றிவரும் உருளையின் ரப்பர் இறுகிவிட்டது என்பதை அது காட்டும். இறுதியாக ஒரு பத்தியை உங்களுக்கு இயல்பான வேகத்தில் அடித்து, எங்கே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, எங்கே இடம் தாவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட விரல்கள் உடனே உணர்வது ஷிஃப்ட் விசையின் பாரத்தைத்தான். ஒலிம்பியா எஸ்.எம்.3-இல் அந்த விசை கேரியேஜ் முழுவதையும் தூக்குகிறது, எஸ்.எம்.9-இல் எழுத்துக் கம்பிகளின் தொகுதி மட்டுமே இறங்குவதால் சிறுவிரலுக்கு வேலை குறைவு. பெரிய எழுத்துகள் அடிக்கடி வரும் கட்டுரையை அடிப்பவருக்கு இந்த வேறுபாடு சில பக்கங்களிலேயே புலப்படும். அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், நீண்ட நேரம் எழுதுவதற்கு நான் இரண்டாம் வகையையே பரிந்துரைப்பேன்.

ஒவ்வொரு மாதிரித் தாளிலும் டைப்ரைட்டரின் பெயர், வரிசை எண், அடித்த தேதி ஆகியவற்றை எழுதிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். வரிசை எண் சிலவற்றில் அடிப்பகுதியிலும், சிலவற்றில் கேரியேஜை ஓரத்துக்குத் தள்ளினால் தெரியும் சட்டத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். தயாரித்த ஆண்டைக் கண்டறிய அதுவே வழி.

பராமரிப்பில் முக்கியமானது, காடிகளில் எண்ணெய் விடாதிருப்பது. எண்ணெய் தூசியைப் பிடித்து மீண்டும் கம்பிகளை ஒட்டவைக்கும். பழைய ரிப்பன் சுருள்களைத் தூக்கி எறியாமல், புதிய ரிப்பனை அவற்றிலேயே சுற்றுங்கள்; எல்லாச் சுருள்களும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. நெடுநாள் பெட்டியில் வைக்கும்போது தாளை விடுவிக்கும் நெம்புகோலைத் திறந்த நிலையில் விடுங்கள். இல்லாவிட்டால் தாளை அழுத்தும் சிறு உருளைகள் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும்.