பிஎஃப்பிளாக்கர்என்ஜியில் சப்ரஷன் போட்டும் முகவரி திறக்கவில்லையா? படிப்படியாகப் பார்ப்போம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு, உள் வலைக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் பிஎஃப்சென்ஸ் (pfSense) ஃபயர்வால் வைத்துக் கொடுத்து, கெட்ட முகவரிகளின் பட்டியல்களைக் (பிளாக்லிஸ்ட்) கொண்டு இணைப்புகளைத் தடுக்கும் பிஎஃப்பிளாக்கர்என்ஜி (pfBlockerNG) பேக்கேஜையும் அதில் நிறுவியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்காரர் அழைத்து, “தம்பி, பார்சல் புக்கிங் சைட்டு கடையில தொறக்கவே மாட்டேங்குது, செல்போன்ல மட்டும் தொறக்குது, பத்தரைக்குச் சரக்கு எடுக்க ஆள் வந்துருவாங்க” என்றார். அந்த சைட்டின் முகவரி ஏதோ ஒரு பிளாக்லிஸ்டில் சிக்கியிருக்கும் என்று உடனே புரிந்தது. வீட்டிலிருந்தே விபிஎன் வழியாக நுழைந்து அந்த முகவரியைச் சப்ரஷன் பட்டியலில், அதாவது பிளாக்லிஸ்டில் இருந்தாலும் தடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லும் முகவரிகளின் பட்டியலில், சேர்த்தேன். திறக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது; அதற்குள் அன்றைய பார்சல்களைச் செல்போனிலேயே ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேக்கேஜை நிறுவுவது, லிஸ்டுகளைச் சேர்ப்பது ஆகியவற்றை இங்கே விளக்கவில்லை. அவை உங்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் 198.51.100 என்று தொடங்கும் முகவரிகள், விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஆர்எஃப்சி 5737 என்ற இணைய ஆவணம் ஒதுக்கி வைத்தவை. உங்கள் திரையில் வேறு எண்கள் இருக்கும்.

படி 1: தடுப்பது ஐபி லிஸ்டா, டிஎன்எஸ் லிஸ்டா?

பிஎஃப்பிளாக்கர்என்ஜி இரண்டு இடங்களில் தடுக்கும். ஒன்று, சைட்டின் பெயரை முகவரியாக மாற்றும்போதே டிஎன்எஸ்பிஎல் மூலம் தடுப்பது. மற்றொன்று, முகவரியைப் பார்த்து ஐபி லிஸ்ட் மூலம் தடுப்பது. சப்ரஷன் இரண்டாவதற்கு மட்டுமே உரியது. ஆகவே கடையிலுள்ள ஒரு கணினியில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளை கொடுத்து, அந்த சைட்டின் பெயருக்கு என்ன முகவரி வருகிறது என்று பாருங்கள். 10.10.10.1 அல்லது 0.0.0.0 என்று வந்தால் தடுத்தது டிஎன்எஸ்பிஎல். அதற்கு டிஎன்எஸ்பிஎல் பக்கத்தில் உள்ள ஒயிட்லிஸ்டில்தான் சேர்க்க வேண்டும். உண்மையான பொது முகவரி வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஐபி பக்கத்தில் வெளிச்செல்லும் விதியின் செயல் ‘ரிஜெக்ட்’ என்று இருந்தால், பிரவுசர் காத்திருக்காமல் இணைப்பு மறுக்கப்பட்டதாக உடனே சொல்லிவிடும். ‘பிளாக்’ என்று வைத்திருந்தால் பக்கம் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகுதான் கைவிடும். உள் வலையில் இருப்பவர்களுக்கு ரிஜெக்ட்தான் நல்லது. ஏதோ தடுக்கிறது என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

படி 2: எந்த லிஸ்ட், எந்த வடிவில்?

ரிப்போர்ட்ஸ் பக்கத்தில் அலர்ட்ஸ் பகுதியைத் திறந்து, சைட்டை ஒருமுறை மறுபடியும் திறக்க முயன்றுவிட்டு, பக்கத்தைப் புதுப்பியுங்கள். தடுக்கப்பட்ட வரியில் உள் கணினியின் முகவரி, வெளி முகவரி, லிஸ்டின் பெயர் ஆகியவற்றோடு, அந்த வெளி முகவரி எந்த வரம்பின் கீழ் பிடிபட்டது என்பதும் இருக்கும். வரியே வரவில்லை என்றால் அந்த லிஸ்ட் குழுவில் லாகிங் அணைந்திருக்கிறது; அதை முதலில் போடுங்கள்.

பெரும்பாலோர் லிஸ்டின் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நானும் அன்று வரம்பைக் கவனிக்கவில்லை. முகவரியோடு /32 என்று இருந்தால் லிஸ்டில் அந்த ஒற்றை முகவரி மட்டுமே இருக்கிறது என்று பொருள். /24 என்றால் 256 முகவரிகள் சேர்ந்த ஒரு தொகுதி. /22 என்றால் 1024 முகவரிகள். பலரும் சேர்க்கும் லிஸ்டுகளில், டிஷீல்டின் பிளாக் லிஸ்ட் /24 தொகுதிகளாகவே 20 வரம்புகளைத் தருகிறது. ஸ்பாம்ஹாஸ் டிராப் அதைவிடப் பெரிய வரம்புகளையும் தருகிறது. ஃபியோடோ டிராக்கர் தருவது ஒற்றை முகவரிகளை. ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தின் அடுத்தடுத்த முகவரிகளில் நல்ல சைட்டும் கெட்ட சைட்டும் இருக்கக்கூடும் என்பதால், வரம்பு பெரிதாக ஆக, குற்றமற்ற சைட் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

விடுவிப்பதற்கு முன், அந்த இணைப்பைத் தொடங்கிய உள் கணினி எது என்றும் பார்த்துவிடுங்கள். கணக்குப் பார்க்கும் கணினி காலை பத்து மணிக்குக் கூரியர் சைட்டைத் தேடினால் அது இயல்பானது. சிசிடிவி டிவிஆர் நள்ளிரவு இரண்டு மணிக்கு அறியாத ஒரு முகவரியைத் தேடினால், அதை விடுவிக்காதீர்கள். லிஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, டிவிஆரைத்தான் சோதிக்க வேண்டும்.

படி 3: டேபிளில் உண்மையாகவே இருக்கிறதா?

ஃபயர்வால் கடைசியில் பார்ப்பது லிஸ்ட் ஃபைலை அல்ல, நினைவகத்தில் ஏற்றப்பட்ட டேபிளை. டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் டேபிள்ஸ் பக்கம் போய், பிஎஃப்பி என்று தொடங்கும் டேபிளைத் தேர்ந்தெடுத்தால் அதன் உள்ளடக்கம் முழுவதும் தெரியும். ஆனால் அங்கே 198.51.100.37 என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். ஏனென்றால் அது 198.51.100.0/22 என்ற வரிக்குள் அடங்கியிருக்கலாம். வரம்புகளை ஒன்றிணைக்கும் சிடர் அக்ரிகேஷன் வசதியைப் போட்டிருந்தால், அடுத்தடுத்த சிறு வரம்புகள் ஒன்றாகச் சேர்ந்து, மூல லிஸ்டில் இல்லாத வரி ஒன்று டேபிளில் உருவாகியிருக்கவும் கூடும்.

ஆகவே கண்ணால் தேடுவதை விட்டுவிட்டு, எஸ்எஸ்எச் வழியாக ஃபயர்வாலின் கட்டளைத் திரைக்குள் நுழைந்து பிஎஃப்சிடிஎல் (pfctl) கட்டளையிடமே கேட்பதுதான் என் வழக்கம். சிறிய எழுத்து ‘டி’ (-t) குறியோடு டேபிளின் பெயரையும், பெரிய எழுத்து ‘டி’ (-T) குறியோடு ‘டெஸ்ட்’ (test) என்ற சொல்லையும், கடைசியில் முகவரியையும் கொடுத்தால், பொருந்தும்போது 1/1 என்றும், பொருந்தாதபோது 0/1 என்றும் பதில் வரும். முகவரி எவ்வளவு பெரிய வரம்பில் ஒளிந்திருந்தாலும் இந்தச் சோதனை கண்டுபிடித்துவிடும். வலைப்பக்கத்தில் எத்தனை வசதி இருந்தாலும் இந்த ஒரு வரிக் கட்டளையைத்தான் நான் நம்புகிறேன். மாற்றம் செய்வதற்கு முன் ஒருமுறை, செய்த பின் ஒருமுறை இதை ஓட்டுங்கள்.

படி 4: சப்ரஷன், என் இரண்டு மணி நேரம் போன இடம்

ஐபி பக்கத்தில் சப்ரஷன் என்ற டிக் பெட்டியும், அதே பக்கத்தில் கீழே ஐபிவி4 சப்ரஷன் பட்டியலும் இருக்கின்றன. டிக் போடாமல் பட்டியலில் எவ்வளவு எழுதினாலும் பயனில்லை. அன்று டிக் இருந்தது, பட்டியலில் 198.51.100.37/32 என்று எழுதிச் சேமித்தேன். சோதனையில் 1/1 என்றே வந்தது.

முதல் காரணம், பட்டியலில் கையால் எழுதினால் அது அப்போதே செயலுக்கு வராது. அப்டேட் பக்கம் போய், ‘ரீலோட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் ‘ஐபி’ என்று குறித்து ஓட்ட வேண்டும். அதே பக்கத்தில் உள்ள ‘அப்டேட்’ என்பதை ஓட்டினால் போதாது. அது புதிதாக இறக்க வேண்டியவற்றை மட்டும் கவனிக்கும், ஏற்கெனவே இறக்கி வைத்த லிஸ்டுகளை உங்கள் புதிய பட்டியலோடு ஒப்பிட்டு மறுபடி சலிக்காது. அலர்ட்ஸ் பக்கத்தில் அந்த முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்திச் சேர்த்தால், டேபிளிலிருந்தும் உடனே நீக்கிவிடும். ஆகவே தொடங்குபவர்கள் கூட்டல் குறியையே பயன்படுத்துங்கள்.

ரீலோட் ஓட்டினேன். மறுபடியும் 1/1.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. சப்ரஷன் /32, /24 ஆகிய இரண்டு வடிவங்களை மட்டுமே கையாளும். லிஸ்டில் ஒற்றை முகவரியாக இருந்தால் அந்த வரியை எடுத்துவிடும். /24 தொகுதியாக இருந்தால், முழுத் தொகுதியையும் விடுவிக்கலாம்; ஒரு முகவரியை மட்டும் விடுவிக்கச் சொன்னால், தொகுதியை உடைத்து மற்ற முகவரிகளைத் தனித்தனி வரிகளாக எழுதி வைக்கும். அதைவிடப் பெரிய வரம்பை அது தொடவே தொடாது. கூரியர் சைட் மாட்டியிருந்தது /22 வரம்பில். சப்ரஷன் பட்டியலில் எதை எழுதியிருந்தாலும் அது திறந்திருக்காது. அலர்ட்ஸ் பக்கத்தில் அந்த வரம்பு முதலிலிருந்தே எழுதப்பட்டுத்தான் இருந்தது.

இந்த இடத்தில் பலர் பொறுமை இழந்து லிஸ்டையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு சைட்டுக்காக ஆயிரக்கணக்கான வரிகளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த படி இருக்கிறது.

படி 5: பெரிய வரம்புக்கு அனுமதிப் பட்டியல்

ஐபிவி4 பகுதியில் புதிதாக ஒரு குழு உருவாக்கி, செயலை ‘பர்மிட் அவுட்பவுண்ட்’ (வெளிச்செல்வதை அனுமதி) என்று வையுங்கள். வெளி லிஸ்ட் எதையும் சேர்க்காமல், கீழே உள்ள கஸ்டம் லிஸ்ட் பெட்டியில் முகவரியை எழுதி, அதே வரியில் ஹாஷ் (#) குறியிட்டு, எந்த சைட், யார் கேட்டார்கள், எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த எண் எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. சேமித்து, முன்போலவே ரீலோட் ஓட்டுங்கள்.

இந்த முறை பிஎஃப்சிடிஎல் சோதனையில் தடுக்கும் டேபிள் இன்னும் 1/1 என்றுதான் சொல்லும். அது சரியே, முகவரி அங்கிருந்து நீங்கவில்லை. அனுமதி விதி தடுக்கும் விதிக்கு மேலே இருப்பதால்தான் வழி கிடைக்கிறது. ஆகவே ஃபயர்வால் ரூல்ஸ் பக்கத்தில் லேன் (உள் வலை) பகுதியைத் திறந்து, அனுமதி விதி மேலேயும் தடை விதி கீழேயும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஃபுளோட்டிங் ரூல்ஸ் போட்டிருந்தால் அந்தப் பகுதியில் பாருங்கள். பேக்கேஜின் இயல்பான வரிசை இப்படித்தான் இருக்கும். யாராவது ரூல் ஆர்டரை மாற்றியிருந்தால் மட்டுமே குழப்பம் வரும்.

இன்னொரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து உள்ளே வர எந்த போர்ட்டும் திறக்காத கடைகளில் ‘டெனி போத்’ (உள்வருவது, வெளிச்செல்வது இரண்டையும் தடுப்பது) தேவையே இல்லை. பிஎஃப்சென்ஸ், வேன் (WAN) எனப்படும் இணையத்தை நோக்கிய பக்கத்தில் வருவதை எல்லாம் தானாகவே தடுக்கிறது. அதன் மேல் லிஸ்டையும் போட்டால் அலர்ட்ஸ் பக்கம் நிரம்பி, உங்களுக்கு வேண்டிய வரி புதைந்துபோகும். நான் எல்லா இடத்திலும் ‘டெனி அவுட்பவுண்ட்’ மட்டுமே வைக்கிறேன்.

பின்சேர்க்கை 1

தன்னிடம் /32 வரிகூடச் சப்ரஷனுக்கு மசியவில்லை என்று ஆத்தூரிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் விதிகளைத் தானே எழுத விரும்பி, செயலை ‘ஏலியாஸ் நேட்டிவ்’ என்று வைத்திருந்தார். நேட்டிவ் என்றால் லிஸ்டை வந்தபடியே, எதையும் வடிகட்டாமல் ஏற்றுவது. சப்ரஷனும் அதில் சேராது. ‘ஏலியாஸ் டெனி’ என்று மாற்றி ரீலோட் செய்ததும் சரியானது. அவரிடம் பழைய ஸ்பாம்ஹாஸ் ஈடிராப் லிஸ்டும் இருந்தது. 2024 ஏப்ரலில் அது டிராப் லிஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அந்த வரியை எடுத்துவிடலாம். ஐபிவி6 முகவரிக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார். சப்ரஷன் ஐபிவி4-க்கு மட்டுமே. ஐபிவி6 பகுதியில் தனியாக ஒரு பர்மிட் குழு உருவாக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2

ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றின் விருந்தினர் விடுதியில் நடந்தது வேறு வகை. ஃபயர்ஹோல் லெவல் 1 லிஸ்டைச் சேர்த்த மறுநிமிடம் விடுதி முழுவதும் இணையம் நின்றுவிட்டது. வைஃபை இணைகிறது, கணினிக்கு 192.168.10 தொடரில் முகவரியும் கிடைக்கிறது, ஃபயர்வாலின் பக்கம்கூடத் திறக்கிறது, ஆனால் ஒரு சைட்டும் வரவில்லை என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: சப்ரஷன் டிக் இருக்கிறதா? இல்லை.

பொது இணையத்தில் வரக்கூடாத வரம்புகளையும் ஃபயர்ஹோல் லெவல் 1 உள்ளடக்கியிருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 உள் வலைகளுக்கென்று ஒதுக்கிய 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்றும் அதில் உண்டு. சப்ரஷன் டிக் போட்டிருந்தால், நீங்கள் பட்டியலில் ஒன்றும் எழுதாவிட்டாலும், இந்த உள் வரம்புகளை அது தானாக எடுத்துவிடும். டிக் இல்லாததால் விடுதியின் சொந்த வலையே தடை டேபிளில் ஏறியிருந்தது. டிஎன்எஸ் கேள்விகள் 192.168.10.1 என்ற ஃபயர்வாலுக்கே போக வேண்டியிருந்ததால் அவை மறுக்கப்பட்டன. ஃபயர்வாலின் பக்கம் மட்டும் திறந்ததற்குக் காரணம், நிர்வாகி வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பிஎஃப்சென்ஸ் எல்லா விதிகளுக்கும் முன்னால் வைத்திருக்கும் ஆன்டி லாக்அவுட் விதி. அந்தப் பக்கத்தின் வழியாகவே டிக் போட்டு, ஐபி ரீலோட் ஓட்டச் சொன்னேன். ரீலோட் முடிந்ததும் மூன்று வரம்புகளும் டேபிளிலிருந்து போய்விட்டன. விடுதியில் இணையம் வந்துவிட்டதாகத் தொலைபேசியிலேயே சொன்னார்கள்.