கனடா புள்ளித் திட்டத்தில் வக்கீல்கள் தவறவிடும் 40 புள்ளிகள்

படிப்பு அல்லது வேலை அனுமதியில் வந்து, நிரந்தர வசிப்புரிமைக்கு (பிஆர்) ஆட்களைப் புள்ளி அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கப்போகும் வக்கீல்கள் முதலில் பட்டத்தைக் கவனியுங்கள்.

வாழ்க்கைத்துணை இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு ஓர் இளங்கலைப் பட்டத்துக்கு 120 புள்ளி. சிஎல்பி (கனடாவின் ஆங்கில மொழித்திறன் அளவுகோல்) 9 இருந்தால் மேலும் 25. அதே சட்டப் பட்டத்தைத் தொழில்முறைப் பட்டமாக மதிப்பிட்டால் 135, கூடவே 50. இசிஏ எனப்படும் வெளிநாட்டுப் பட்ட மதிப்பீட்டு அறிக்கையின் ஒரே வரியில் 40 புள்ளி போய்விடுகிறது. மருத்துவர், மருந்தாளர் பட்டங்களை அந்தந்தத் தொழிலின் அமைப்பே மதிப்பிடுகிறது. சட்டப் பட்டமோ வெஸ் (WES) போன்று எல்லாத் துறைப் பட்டங்களையும் மதிப்பிடும் நிறுவனங்களுக்குப் போகிறது. இது நியாயமே இல்லை. வெளிநாட்டுச் சட்டப் படிப்பை வக்கீல் உரிமத்துக்காக மதிப்பிடும் என்சிஏ அமைப்பு தரும் மதிப்பீட்டை இசிஏவுக்குப் பதிலாகக் காட்டவும் முடியாது.

பி.ஏ. முடித்து மூன்றாண்டு சட்டம் படித்தவர்கள் இரண்டு பட்டங்களையும் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டும் ஏற்கப்பட்டால் 128, கூடவே 50. இழப்பு 7 புள்ளியோடு நின்றுவிடும். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்காரர்களுக்கு இந்த வழி கிடையாது. அறிக்கையில் இளங்கலை என்று மட்டும் இருந்தால் மதிப்பிட்ட நிறுவனத்திடம் மறுஆய்வு கேளுங்கள். அது மாறாமல் ப்ரொஃபைலில் தொழில்முறைப் பட்டம் என்று குறித்துவிடாதீர்கள். தவறான தகவல் தந்ததாக முடிவானால் ஐந்தாண்டுத் தடை.

அனுபவத்தில் சறுக்குவது பெரும்பாலும் ஜூனியர்கள்தான். தொடர்ச்சியாக ஓராண்டு, 1,560 மணி நேரம், ஊதியத்துடன் செய்த வேலை வேண்டும். சம்பளமில்லாமல் சீனியரின் ஆபீஸில் கழித்த காலம் சேராது. சீனியர் தரும் கடிதத்தில் பணிகள், வார மணி நேரம், ஊதியம் மூன்றும் இருக்கட்டும். சொந்தமாக பிராக்டிஸ் செய்தவர்கள் அஃபிடவிட் போட்டால் செல்லாது. வருமான வரித் தாக்கல், என்ன வேலைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கட்சிக்காரர்கள் எழுதித் தந்த கடிதங்கள், வங்கி வரவு ஆகியவற்றைச் சேருங்கள். பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் மட்டும் போதாது.

வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளிகள் 2025 மார்ச் 25 முதல் இல்லை. பிரெஞ்சில் நான்கு திறனிலும் என்சிஎல்சி (பிரெஞ்சு மொழித்திறன் அளவுகோல்) 7, ஆங்கிலத்தில் சிஎல்பி 5 எடுத்தால் கூடுதலாக 50 புள்ளி கிடைக்கும். வக்கீல்களுக்கென்று தனித் தேர்வுச் சுற்று இல்லாத நிலையில் இதற்குச் செலவிடும் உழைப்பு வீண்போகாது.

பிஆர் கிடைத்தாலும் வழக்காட முடியாது. என்சிஏ குறைந்தது ஐந்து கனடியச் சட்டப் பாடங்களில் தேர்ச்சி கேட்கும். புத்தகம் பார்த்து எழுதலாம், 50 சதவீதம் போதும். அதற்குப் பிறகு மாகாண லா சொசைட்டியின் உரிமத் தேர்வும் பயிற்சியும் உண்டு. பிஆருக்குக் காத்திருக்காமல் என்சிஏ விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள்.