பனிமலையில் படம் எடுக்கும்போது நான் செய்து தொலைத்த தவறுகள்

போன ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில், காஸாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருந்தோம். வெளியே மைனஸ் 18 டிகிரி. சமையலறையில் புகாரி எரிந்துகொண்டிருந்தது. (சென்னைக்காரர்களுக்குப் புகாரி என்றால் பிரியாணி. இமயமலையில் அது அறை நடுவே நிற்கும் தகர அடுப்பு.) மாலை வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு உள்ளே வந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே கேமராவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "பாவம், அதுக்கும் குளிரும்ல அண்ணா" என்றார். நான் எழுந்து போவதற்குள் லென்ஸ் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அடுத்து என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். லென்ஸைக் கழற்றித் துடைப்பார். 2017இல் நானும் அதைத்தான் செய்தேன்.

ஸ்வெட்டர் எத்தனை, ஷூ எப்படி என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் குளிரே சொல்லிக் கொடுத்துவிடும். தானாகப் புரியாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோவது

புல் நுனியில் நிற்பதையும் நாம் பனி என்கிறோம், மலையில் கொட்டுவதையும் பனி என்கிறோம். புதிதாகப் போகிறவர்கள் இரண்டாவதற்குப் பயந்து கேமராவுக்கு மழைக்கோட்டு எல்லாம் வாங்குகிறார்கள். மைனஸ் 15இல் விழும் பனி மாவு மாதிரி உலர்ந்தது, தட்டினால் உதிர்ந்துவிடும். கேமராவைக் கெடுப்பது முதல் வகைப் பனி. அது வெளியே இல்லை, அறைக்குள் காத்திருக்கிறது.

காரணம் எளிது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரி அறையில் அதே அளவு காற்று சுமார் 17 கிராம் வரை தாங்கும். புகாரி மேல் கெட்டில் கொதிக்கிறது, எட்டுப் பேர் மூச்சு விடுகிறார்கள், கொடியில் ஈரச் சாக்ஸ் காய்கிறது. அந்தக் காற்று மைனஸ் 15இல் இருக்கும் உலோகத்தையும் கண்ணாடியையும் தொட்டால் அங்கேயே தண்ணீராகிவிடும். சென்னையில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான். அங்கே வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு டிகிரி. இங்கே முப்பத்தைந்து.

என் கதைக்கு வருகிறேன். மூன்று நாள் விடாமல் பனி கொட்டி, நான்காம் நாள் மாலை வானம் வெளுத்தது. கீ என்ற புத்த மடாலயத்தை எதிர்ச்சரிவிலிருந்து எடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே உள்ளே வந்து கேமராவை மேஜையில் வைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் அது நனைந்த தவளை மாதிரி இருந்தது. பதறிப்போய் லென்ஸைக் கழற்றினேன். அதுவரை வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தது. கழற்றிய நொடியில் லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி, சென்சாருக்கு மேலிருக்கும் கண்ணாடி எல்லாம் மங்கிவிட்டன. டி-ஷர்ட் நுனியால் துடைத்து, ஏதோ சரிசெய்துவிட்ட நினைப்பில் தூங்கினேன்.

காலை ஆறு மணிக்கு மறுபடி வெளியே. உள்ளே மிச்சமிருந்த ஈரம் வெளியே போன கொஞ்ச நேரத்தில் உறைந்துவிட்டது. ஒரு மேகம் கிடையாது, ஒரு கால்தடம் கிடையாது, மடாலயத்துக்குப் பின்னால் மலை உச்சி ரோஜா நிறத்திலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. 140 படம் எடுத்தேன். சின்னத் திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தபோது, பள்ளத்தாக்கில் மூடுபனி என்று நினைத்துக்கொண்டேன். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் எல்லாமே பாத்ரூம் ஜன்னல் வழியாக எடுத்த மாதிரி இருந்தன. அடுத்த நாளே கிளம்ப வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்து, சென்னை ஈரத்தில், அதே ஜூம் லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை. பிரித்துச் சுத்தம் செய்ய 9,000 ரூபாய். அந்தக் காலை நேரத்துக்கு எந்தக் கடையிலும் சர்வீஸ் கிடையாது.

"என் கேமரா வெதர் சீல்டு" (ஈரம், தூசி புகாமல் ரப்பர் வளையம் வைத்தது) என்று யாராவது சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அந்த ரப்பர் வளையங்கள் சாரலையும் தூசியையும் தடுக்கும். காற்றைத் தடுக்காது. நீளும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீட்டும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து ஜூமை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பவர்களைக் கண்டால் கையைப் பிடித்துவிடலாம் போலிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். வெளியே, குளிரிலேயே, மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் படம் பார்க்கும் ஆசையில் பத்தாவது நிமிடம் பையைத் திறப்பீர்கள். கேமராவை லென்ஸோடு பெரிய ஜிப் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். அப்புறம் உள்ளே போங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா மேல் படியாது. அடுப்பிலிருந்து தள்ளி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் மறந்துவிடுங்கள். பாதுகாப்பான இடமென்றால் சூடில்லாத திண்ணை அறையில் இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுவது இன்னும் நல்லது. குளிர் கேமராவைப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

ஏற்கெனவே மங்கிவிட்டதா? லென்ஸைக் கழற்றாதீர்கள், துடைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். அதுவாகச் சூடேறி ஈரம் போகும்வரை வெளியே மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

இதே தவறைக் காரில் ஒரு நாளைக்குப் பத்து முறை செய்வோம். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும், இறங்கிப் படம் எடுப்போம், மறுபடி ஏறுவோம். கேமராப் பை டிக்கியில் இருக்கட்டும். ஹீட்டரைக் குறைக்கச் சொன்னால் உடன் வருகிறவர்கள் முறைப்பார்கள்.

மீட்டர் சொல்வதை அப்படியே கேட்பது

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது எதிர்பார்ப்பது சுமார் 18 சதவீதப் பிரதிபலிப்பு. புதுப்பனியோ விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் பயந்து குறைத்துவிடும். பனி அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொன்னதற்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) +1இல் தொடங்குங்கள். ஃபிரேம் முழுக்க வெயில் பட்ட பனி என்றால் +1.7, சில சமயம் +2. பாதி ஃபிரேம் கரும்பாறை என்றால் தேவையே இருக்காது. யாரோ சொன்ன ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்க எடுப்பவர்களும் உண்டு. அதுவும் தவறுதான்.

திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பனி வெயிலில் கண்பாவை சுருங்கிவிடும், நல்ல படம்கூட இருட்டாகத் தெரியும். இரவில் அறையில் பார்த்தால் இருட்டுப் படம்கூடப் பளிச்சென்று இருக்கும். ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) மட்டும்தான் பொய் சொல்லாது. பனியின் மேடு வலது ஓரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஓரத்தில் இடித்து நசுங்கக் கூடாது. வெயிலில் மினுங்கும் ஓரிரு புள்ளிகள் வெளுத்துப்போனால் பரவாயில்லை. காற்று போட்ட வரிகள் அழிந்துவிட்டால் பிறகு எதைக்கொண்டும் மீட்க முடியாது. ரா (RAW) கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவில் எடுங்கள், சரி. ரா இருக்கிறதே என்று அசட்டையாக எடுக்காதீர்கள்.

நீல நிழலை "சரிசெய்வது"

நிழலில் இருக்கும் பனிக்கு வெளிச்சம் தருவது நீல வானம். அதனால் அது நீலமாகத்தான் இருக்கும். எடிட்டிங்கில் ஒயிட் பேலன்ஸ் துளிசொட்டியை (எது வெள்ளை என்று காட்டிக்கொடுக்கும் கருவி) நிழல் பனியில் அழுத்தி அதை வெள்ளையாக்கினால், வெயில் பட்ட பக்கம் மஞ்சள் தூள் கொட்டிய மாதிரி ஆகிவிடும். நான் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில், அதாவது வெயிலுக்கான அமைப்பில், பூட்டி வைத்துவிடுகிறேன். வெயில் பக்கம் இளமஞ்சள், நிழல் பக்கம் நீலம். அந்த இரண்டும் சேர்ந்துதான் குளிரைக் காட்டுகின்றன.

போலரைசர்

3,600 மீட்டருக்கு மேல் வானம் ஏற்கெனவே கரு நீலம். அகலக் கோண லென்ஸில் போலரைசர் (வானத்தின் நீலத்தைக் கூட்டும் ஃபில்டர்) மாட்டினால் ஒரு பக்கம் மை கொட்டிய மாதிரி கறுத்துவிடும். கழற்றுங்கள்.

லென்ஸை வாயால் ஊதுவது

மூச்சு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிரஷ் வைத்திருங்கள்.

பேட்டரி

உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி. குளிரில் "தீர்ந்துவிட்டது" என்று காட்டும் பேட்டரியைத் தூக்கி எறியாதீர்கள். சூடானால் திரும்ப உயிர் வரும்.

நடந்துவிட்டு யோசிப்பது

லாங்ஸா கிராமத்தில் ஊருக்கு மேலே பெரிய புத்தர் சிலை இருக்கிறது, பின்னால் சௌ சௌ காங் நில்டா சிகரம். இரவில் புதுப்பனி விழுந்த காலையில் எங்கள் குழுவில் ஒருவர் நேராகச் சிலைக்கு நடந்துபோய், கும்பிட்டு, செல்ஃபி எடுத்து, திரும்பி வந்து முக்காலியை விரித்தார். அவருடைய தடம்தான் அன்று எல்லோர் படத்திலும் கதாநாயகன். ஓரமாகச் சுற்றி நடங்கள். முதல் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

மெமரி கார்டு

கையுறையோடு மாற்றாதீர்கள். என் 64 ஜிபி கார்டு ஒன்று கிப்பர் கிராமத்தில் முழங்கால் ஆழப் பனிக்குள் போனது. ஒரு மணி நேரம் தோண்டியும் கிடைக்கவில்லை. கோடையில் அந்த வழியாக யாக் மேய்க்கப் போனவர் யாராவது எடுத்திருக்கலாம்.