ரோம் நகரைக் குறைந்த செலவில் நிறைவாகச் சுற்றிப் பார்க்க

ரோம் நகருக்குப் போய் வந்தவர்கள் பலர், அங்கே பணம் தண்ணீராய்க் கரைந்துவிட்டது என்று வருத்தப்படக் கேட்டிருக்கிறேன். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், விமானம், விசா, தங்குமிடம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பணம் போயிருப்பது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான்: வரிசையைத் தவிர்ப்பதற்காக இடைத்தரகர்களிடம் கூடுதல் விலைக்கு வாங்கிய நுழைவுச்சீட்டுகள், புகழ்பெற்ற சதுக்கங்களில் மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு. இவை இரண்டையும் விட்டுவிட்டால் இழப்பு ஏதுமில்லை. இந்நகரின் தலைசிறந்த ஓவியங்களிலும் சிற்பங்களிலும் பல, எந்தத் தேவாலயத்துக்காகச் செய்யப்பட்டனவோ அதே தேவாலயத்தில், கட்டணம் ஏதுமின்றி இன்றும் காணக் கிடைக்கின்றன.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலும், நவம்பர் மாதத்திலும் அறை வாடகை இறங்கியிருக்கும். குளிரும் ஒரு கம்பளிச் சட்டையில் தாங்கக்கூடியதுதான். துறவு மடங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் நகரெங்கும் உள்ளன. அறைகள் எளிமையாகவும் துப்புரவாகவும் இருக்கும். இரவில் குறிப்பிட்ட நேரத்தில் கதவை அடைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கே தங்கினாலும், ஒவ்வோர் இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி ஒன்று உண்டு. முன்பதிவின்போது காட்டும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது என்பதால், குடும்பமாகப் போகிறவர்கள் அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி ரயில் நிலையத்துக்கு நேரே செல்லும் லியொனார்டோ எக்ஸ்பிரஸுக்கு 14 யூரோ. அதே விமான நிலையத்திலிருந்து புறப்படும் சாதாரண ரயிலுக்கு 8 யூரோதான். அது தெர்மினிக்குப் போகாது. டிராஸ்டெவரே, ஒஸ்டியென்சே, டிபுர்டினா நிலையங்களில் நிற்கும். ஒஸ்டியென்சேயில் இறங்கினால் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. நகருக்குள் 1.50 யூரோ பயணச்சீட்டு 100 நிமிடங்களுக்குச் செல்லும். அந்த நேரத்துக்குள் பேருந்து, டிராம் எத்தனை முறை மாறினாலும் சரி, மெட்ரோவில் மட்டும் ஒரே ஒரு பயணம். காகிதச் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டால் போதாது. ஏறியவுடன் வண்டியில் உள்ள இயந்திரத்தில் முத்திரை விழச் செய்யாவிட்டால், சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும்.

இனி தேவாலயங்கள். நவோனா சதுக்கத்துக்கு அருகே சான் லுயிஜி தெய் ஃபிரான்சேசி என்ற தேவாலயம் இருக்கிறது. அதன் இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில், வரி வசூலிப்பவராக இருந்து இயேசுவின் சீடரான புனித மத்தேயுவின் வாழ்வைப் பற்றி இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த மூன்று ஓவியங்கள் உள்ளன. நான் போனபோது அந்த இடம் அரையிருட்டாக இருந்தது. யாரோ ஒருவர் சுவரோரப் பெட்டியில் நாணயம் போட, விளக்கு எரிந்தது. ஓர் ஓவியத்தில், வரி வசூலிக்கும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. சற்று நேரத்தில் விளக்கு அணைந்து எல்லாம் மீண்டும் இருளுக்குள் போயிற்று. இடச்சுவரில் உள்ள அந்த ஓவியத்தில் ஒளி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. சிற்றாலயத்தின் உண்மையான சன்னலும் பீடத்துக்கு மேலே, அதே பக்கத்தில்தான் இருக்கிறது. படத்தை இங்கே நின்று பார்க்கும்போதுதான், சன்னல் வழியே வந்த வெளிச்சமே படத்துக்குள் இறங்கியிருப்பது போலத் தோன்றும். இதை எந்த அருங்காட்சியகத்திலும் காண முடியாது.

அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள சாந்த் அகொஸ்தீனோ தேவாலயத்தில், அழுக்குப் படிந்த வெறுங்காலுடன் அன்னை மரியின் முன் மண்டியிட்டிருக்கும் ஏழை யாத்திரிகர்களைக் கரவாஜியோ வரைந்திருக்கிறார். போபொலோ சதுக்கத்தை ஒட்டிய சாந்தா மரியா தெல் போபொலோவில் இன்னும் இரண்டு ஓவியங்கள். ஆக, ஒரே நாளில் ஆறு கரவாஜியோ ஓவியங்களைக் கண்டுவிடலாம். செலவு, விளக்குக்குப் போடும் நாணயம் மட்டுமே. அதே போல மைக்கேலாஞ்சலோவின் மோசே சிற்பம் கொலோசியத்துக்கு அருகில் சான் பியெத்ரோ இன் வின்கொலியில் இருக்கிறது. இறந்த இயேசுவை மடியில் தாங்கிய அன்னை மரியைக் காட்டும் அவருடைய பியெத்தா சிற்பம், புனித பேதுரு பேராலயத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. பேராலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசை வெயில் ஏற ஏற நீண்டுகொண்டே போகும் என்பதால், காலை ஏழு மணிக்குத் திறக்கும்போதே போய்விடுவதுதான் வழி. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும். சிறிய தேவாலயங்களில் பல நண்பகலில் சாத்தப்பட்டு மாலை மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். திட்டம் போடுபவர்கள் இதைத்தான் அதிகம் மறந்துவிடுகிறார்கள்.

கட்டணம் உள்ள இடங்களில் கொலோசியத்துக்குக் கொடுக்கும் 18 யூரோ தகும் என்பது என் கருத்து; பழைய ரோமானியப் பொதுமன்றமும் பாலட்டைன் குன்றும் அதே சீட்டில் அடங்கும். அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே முன்பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் கட்டணம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அனைவருக்கும் இலவசம் என்பதால் அன்று கொலோசியத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாளை, தெர்மினிக்கு எதிரில் உள்ள பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்துக்குச் செலவிடுவதையே நான் விரும்புவேன். பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தோட்ட ஓவியம், நான்கு சுவர்களிலும் மாதுளையும் பறவைகளுமாக நம்மைச் சூழ்ந்து நிற்கும். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் 5 யூரோ கட்டணம். அதுவும் முதல் ஞாயிறன்று இல்லை.

குடிநீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். தெருமுனைகளில் ஏறக்குறைய 2,500 இரும்புக் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைந்த குழாயைப் பார்த்துப் 'பெரிய மூக்கு' என்னும் பொருளில் நசோனே என்று அவற்றை ஊர்க்காரர்கள் அழைக்கிறார்கள். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேற்புறத்தில் உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வில்லாக மேலெழும்; குனியாமலே குடிக்கலாம். குளிர்ச்சியான, நல்ல தண்ணீர்.

காப்பிக்கு நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. முதல் நாள் இது தெரியாமல் ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு, நின்று குடிப்பதைப் போலப் பல மடங்கு கொடுத்தேன். கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டி, நீளமேசையில் நின்றபடி இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போவதுதான் அவ்வூர் வழக்கமும்கூட. மதியத்துக்கு, எடை போட்டு விற்கும் பீட்சாவே உகந்தது: எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால், கத்தரிக்கோலால் வெட்டி நிறுத்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு போட்டதும் தக்காளிச் சாறு மட்டும் பூசியதும் சைவர்களுக்கு ஏற்றவை. சுப்லி என்ற பொரித்த சோற்று உருண்டையில் இறைச்சி கலந்திருப்பதும், பூசணிப்பூப் பொரியலுக்குள் நெத்திலி மீன் இருப்பதும் வழக்கம். கேட்டு வாங்க வேண்டும். அறையில் சமைக்க வசதி இருந்தால், தெர்மினிக்கு அருகில் உள்ள எஸ்குலினோ சந்தையில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், மசாலாப் பொருள்கள் எல்லாமே கிடைக்கும். வாங்கியதை ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட நினைக்க வேண்டாம். அங்கே உட்காருவதற்கு 2019 முதல் தடை இருக்கிறது.

மாலைகளை நடைக்கு ஒதுக்குங்கள். கேபிட்டலைன் குன்றின் நகராட்சி மாளிகைக்குப் பக்கவாட்டில் இறங்கும் பாதையில் நின்றால், விளக்கொளியில் பொதுமன்றத்தின் தூண்கள் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். ஞாயிறு காலை கிடைத்தால் அப்பியா சாலைக்குப் போகலாம். கி.மு. 312-இல் போடத் தொடங்கிய அந்தச் சாலையில், செசிலியா மெத்தெல்லா என்ற ரோமானியச் சீமாட்டியின் வட்டக் கல்லறையைத் தாண்டிச் சற்று நடந்தால், பழைய கருங்கற்கள் அப்படியே பதிந்திருக்கும் பகுதி வரும். அவற்றில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடத்தில் விரலை வைத்துப் பார்க்கலாம். இருபுறமும் குடை பிடித்தாற்போலப் பைன் மரங்கள் நிற்கும். கற்கள் மேடுபள்ளமானவை என்பதால், தடித்த அடிப்பகுதி உள்ள காலணியோடு போங்கள்.